ரெஸ்யூம் அனுப்பிக்கொண்டே இருக்கிறேன், யார் கண்ணிலும் படவில்லையே? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலை தேடுபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன். இன்டர்வியூவில் எப்படிப் பேசுவது, சம்பளம் எவ்வளவு கேட்பது என்பதெல்லாம் இதில் கிடையாது. அதற்கு முந்தைய கட்டம் மட்டும்தான்: அனுப்பிய ரெஸ்யூமை ஆள் எடுக்கிற ஒருவர் திறந்து படிக்க வேண்டும், அதற்கு நம் பக்கத்திலிருந்து என்ன செய்யலாம் என்பது. பலர் ரெஸ்யூமை அழகுபடுத்துவதில் வாரக்கணக்கில் உட்கார்ந்துவிடுகிறார்கள், அது யார் கைக்கு எந்த வழியாகப் போய்ச் சேரப்போகிறது என்று யோசிக்க அரைமணி நேரம்கூட ஒதுக்குவதில்லை. அந்த வழிதான் பெரிய விஷயம் என்பது என் கருத்து, அதனால் பதில்களும் அந்தப் பக்கமே கொஞ்சம் சாய்ந்திருக்கும்.

ஐம்பது, அறுபது இடத்துக்கு விண்ணப்பித்துவிட்டேன். ஒரு பதில்கூட வரவில்லை. எல்லாருமே வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டார்களா?

அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். பல சமயம் உங்கள் ரெஸ்யூமை யாரும் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். ஆள் எடுக்கும் பொறுப்பில் இருப்பவர் ஒரே நேரத்தில் பல காலியிடங்களைக் கையில் வைத்திருப்பார். விளம்பரம் வந்த இரண்டு மூன்று நாளிலேயே விண்ணப்பங்கள் குவிந்துவிடும், அவர் மேலேயிருந்து பார்க்க ஆரம்பிப்பார், கூப்பிட்டுப் பேசத் தகுந்த ஏழெட்டுப் பேர் கிடைத்ததும் பார்ப்பதை நிறுத்திவிட்டு அவர்களிடம் பேசப் போய்விடுவார். அவர்களில் யாரும் சரிவரவில்லை என்றால்தான் மீதிக் குவியலுக்குத் திரும்பி வருவார். அந்தக் குவியலில் இன்னும் நல்ல ஆள் இருக்கலாம், ஆனால் அது அவருக்குத் தெரிய வழியில்லை.

அதனால் முதல் வேலை, சீக்கிரம் அனுப்புவது. வேலைவாய்ப்புத் தளங்களில் நீங்கள் தேடும் பதவிப் பெயருக்கு அலர்ட் போட்டுவையுங்கள், விளம்பரம் வந்த அன்றோ மறுநாளோ விண்ணப்பம் போய்விடட்டும். மூன்று வாரம் பழைய விளம்பரத்துக்கு மெனக்கெட்டு எழுதி அனுப்புவதைவிட, இன்று காலை வந்ததற்கு உடனே அனுப்புவது மேல்.

இன்னொன்று, எல்லா விளம்பரத்துக்குப் பின்னாலும் ஒரு காலியிடம் இருக்கிறது என்றும் நினைக்க வேண்டாம். உள்ளேயே ஒருவரை முடிவுசெய்துவிட்டு முறைக்காகப் போட்ட விளம்பரம், பட்ஜெட் நின்றுபோனபின்னும் எடுக்காமல் விட்ட விளம்பரம், பின்னால் தேவைப்படும் என்று ரெஸ்யூம் சேர்க்கப் போட்டது என்று பலவகை உண்டு. ஒரே விளம்பரம் மாதக்கணக்கில் புதுத் தேதியோடு வந்துகொண்டே இருந்தால் அதற்காக ரொம்ப நேரம் செலவழிக்காதீர்கள்.

ஏடிஎஸ் என்று ஒரு சாஃப்ட்வேர் இருக்கிறதாமே, அதுதான் ரெஸ்யூமைக் குப்பையில் போடுகிறதா?

விண்ணப்பங்களை வாங்கி, அடுக்கி, தேட வசதியாக வைத்துக்கொள்ளும் மென்பொருளுக்குப் பொதுப்பெயர்தான் ஏடிஎஸ். ஒர்க்டே, கிரீன்ஹவுஸ், ஆரக்கிள் டலியோ என்று பல கம்பெனிகளின் தயாரிப்புகள் இருக்கின்றன. நீங்கள் ஃபைலை ஏற்றியதும் அது பெயர், போன் நம்பர், வேலைபார்த்த இடங்கள், தேதிகள், படிப்பு, திறன்கள் என்று பிரித்து எடுத்துத் தனித்தனிக் கட்டங்களில் போட்டுவைக்கும். அப்புறம் ஆள் தேடுபவர் கூகுளில் தேடுகிற மாதிரி சில சொற்களைப் போட்டுத் தேடுவார், அல்லது பொருத்தம் அதிகமுள்ளதை மேலே காட்டு என்பார். நான்கில் மூன்று ரெஸ்யூமை மனிதர் பார்ப்பதற்கு முன்பே மெஷின் கழித்துவிடுகிறது என்று ஒரு கணக்கு இணையம் முழுக்கச் சுற்றுகிறது. அதற்குப் பின்னால் நம்பகமான ஆய்வு எதுவும் கிடையாது, அதைச் சொல்லிப் பயமுறுத்தி ரெஸ்யூம் எழுதித்தரும் சேவையை விற்கிறவர்களும் இருக்கிறார்கள்.

ஆனால் இதில் ஆள் காணாமல்போகும் இடங்கள் உண்மையாகவே இரண்டு உண்டு. ஒன்று, விண்ணப்பப் படிவத்தில் வரும் ஆமாம்/இல்லை கேள்விகள்: இந்த நாட்டில் வேலைபார்க்க அனுமதி இருக்கிறதா, இத்தனை வருஷ அனுபவம் உண்டா, இந்த லைசென்ஸ் இருக்கிறதா, ஷிப்டில் வருவீர்களா. இங்கே தவறான பட்டனை அழுத்தினால் ரெஸ்யூம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது வேறு கூடைக்குப் போய்விடும். கடகடவென்று அழுத்திவிட்டுப் போகாமல் நின்று படியுங்கள். இரண்டாவது, கம்பெனியே வைத்திருக்கும் வடிகட்டிகள். ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலும் ஆக்சென்ச்சரும் சேர்ந்து அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி நிறுவனங்களிடம் விசாரித்து 2021-ல் ஒரு அறிக்கை வெளியிட்டார்கள். உயர்திறன் வேலைகளுக்குத் தகுதியான ஆட்களே, விளம்பரத்தில் சொன்ன நிபந்தனைகளோடு அச்சுப்பிசகாமல் பொருந்தாததால், வடிகட்டலில் போய்விடுகிறார்கள் என்று அதில் 88 சதவீத நிறுவனங்கள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. ஆள் எடுக்கிறவர்களே இப்படிச் சொல்கிறார்கள். அதனால் பதில் வராத ஒவ்வொரு தடவையும் உங்கள் தகுதியைச் சந்தேகிக்க வேண்டாம்.

எந்த ஃபார்மட்டில் அனுப்புவது? வேர்டா, பிடிஎஃப்பா?

விளம்பரத்தில் சொல்லியிருந்தால் அதன்படி. சொல்லாவிட்டால் எழுத்தைத் தேர்வுசெய்யக்கூடிய பிடிஎஃப் போதும். பிரின்ட் எடுத்து ஸ்கேன் செய்தது, போனில் படம் பிடித்தது, டிசைன் ஆப்பில் செய்து படமாகச் சேமித்தது எல்லாம் வேண்டாம். பல மென்பொருட்களுக்கு அது வெறும் படம், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது.

உங்கள் ஃபைல் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு எளிய வழி: பிடிஎஃப்பைத் திறந்து முழுவதையும் காப்பி செய்து நோட்பேடில் பேஸ்ட் செய்து பாருங்கள். மெஷினுக்குக் கிடைப்பது ஏறக்குறைய அதுதான். இடம், வலம் என்று இரண்டு நெடுவரிசையாகப் பிரித்த டிசைன் ரெஸ்யூமை இப்படிப் போட்டுப் பார்த்தால் சில சமயம் "2019 முதல் 2022 வரை எக்ஸெல் விற்பனை மேலாளர் நீச்சல்" என்று ஒரு வரி வந்து நிற்கும். இடப்பக்கம் இருந்த திறமையும் பொழுதுபோக்கும், வலப்பக்கம் இருந்த பதவிக்குள் நுழைந்துவிட்டன. இதை வைத்து நீங்கள் எத்தனை வருஷம் எந்த வேலை பார்த்தீர்கள் என்று எந்த மென்பொருள் கண்டுபிடிக்கும்?

ஒரே நெடுவரிசை, மேலிருந்து கீழாக, சாதாரண எழுத்துரு, அனுபவம், படிப்பு, திறன்கள் என்று எல்லாருக்கும் தெரிந்த தலைப்புகள். இவ்வளவு போதும். போன் நம்பரையும் மின்னஞ்சலையும் ஹெடரில், அதாவது பக்கத்தின் மேல் ஓரத்துக்கென்று தனியாக இருக்கும் பகுதியில் போடாதீர்கள், சில மென்பொருட்கள் ஹெடரையும் ஃபுட்டரையும் படிக்காமல் தாண்டிவிடும், அப்புறம் ஆள் பிடித்துப்போய்விட்டாலும் கூப்பிட நம்பர் இருக்காது. திறமையைக் காட்ட ஐந்தில் நான்கு நட்சத்திரம், பாதி நிரம்பிய கோடு என்று போடுகிறார்களே, அது மெஷினுக்கும் புரியாது, மனிதருக்கும் எதையும் சொல்லாது.

ஃபைலுக்கு என்ன பெயர் வைப்பது?

உங்கள் பெயர், பதவியின் பெயர். "ரெஸ்யூம் ஃபைனல் புதுசு 3" என்று இருந்தால் டவுன்லோடு செய்தவருக்கு நாளைக்கு அது யாருடையது என்றே தெரியாது.

விளம்பரத்தில் இருக்கும் சொற்களை அப்படியே போடச் சொல்கிறார்கள். அது ஏமாற்று வேலை இல்லையா?

நீங்கள் செய்த வேலைக்கு அவர்கள் பயன்படுத்தும் பெயரைப் பயன்படுத்துகிறீர்கள், இதில் ஏமாற்று எதுவும் இல்லை. செய்யாத வேலையைச் செய்ததாகப் போட்டால்தான் தப்பு.

தேடுகிறவரின் திரையை நினைத்துப் பாருங்கள். அவர் தேடல் பெட்டியில் "அக்கவுன்ட்ஸ் ரிசீவபிள்" என்று போடுகிறார், கூடவே "எஸ்ஏபி" என்றும் சேர்க்கிறார். நீங்கள் அதே வேலையை ஆறு வருஷமாகப் பார்த்தவர், ஆனால் ரெஸ்யூமில் "வாடிக்கையாளர்களிடமிருந்து வரவேண்டிய பாக்கியை வசூலித்தல்" என்று எழுதியிருக்கிறீர்கள், எஸ்ஏபி என்பதற்குப் பதிலாக "கம்பெனியின் கணக்கு மென்பொருள்" என்று போட்டிருக்கிறீர்கள். சொல்லுக்குச் சொல் தேடும் பெட்டியில் நீங்கள் வரவே மாட்டீர்கள். ஒரு வருஷ அனுபவம் உள்ளவர் இரண்டு சொல்லையும் எழுதியிருப்பதால் மேலே நிற்பார். பதவிப் பெயருக்கும் இதே கதைதான். சில கம்பெனிகள் உள்ளுக்குள் வைத்திருக்கும் பதவிப் பெயர் வெளியே யாருக்கும் புரியாது, அப்போது உங்கள் அதிகாரப்பூர்வப் பெயரை எழுதி, பக்கத்திலேயே வெளியுலகம் சொல்லும் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். சுருக்கப்பெயர் உள்ள சொற்களைச் சுருக்கமாக ஒரு முறை, விரித்து ஒரு முறை எழுதிவிடுங்கள், தேடுகிறவர் எதைப் போடுவார் என்று நமக்குத் தெரியாதே.

நீங்கள் குறிவைக்கும் வேலைக்கு வெவ்வேறு கம்பெனிகள் போட்ட ஏழெட்டு விளம்பரங்களை எடுத்து வரிசையாகப் படித்தால், எல்லாவற்றிலும் திரும்பத் திரும்ப வரும் பத்துப் பன்னிரண்டு சொற்கள் கண்ணில் படும். அவற்றில் உங்களுக்கு உண்மையிலேயே தெரிந்தவை எல்லாம் ரெஸ்யூமில் இருக்கிறதா என்று பாருங்கள். திறன்கள் பட்டியலில் மட்டும் போட்டால் போதாது, எந்த வேலையில் எதற்குப் பயன்படுத்தினீர்கள் என்பதும் கீழே வரவேண்டும்.

வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் சொற்களை ஒளித்துவைக்கும் உத்தியை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மென்பொருள் எழுத்தைப் பிரித்து எடுத்துக் காட்டும்போது அது அப்படியே வெளியே தெரியும், அதற்கப்புறம் மீதியை யாரும் நம்ப மாட்டார்கள்.

ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி ரெஸ்யூம் வேண்டுமா? யாருக்கு நேரம் இருக்கிறது?

முழுவதும் திருப்பி எழுத வேண்டாம். நீங்கள் செய்தது அத்தனையும் உள்ள ஒரு பெரிய ஃபைலை உங்களுக்காக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், நாலைந்து பக்கம் இருந்தாலும் பரவாயில்லை. விண்ணப்பிக்கும்போது அதிலிருந்து இந்த வேலைக்குச் சம்பந்தப்பட்டதை எடுத்து மேலே வைத்து, சம்பந்தமில்லாததை விட்டுவிட்டு, தொடக்கத்தில் வரும் மூன்று வரி அறிமுகத்தை மட்டும் மாற்றுங்கள். பழகிவிட்டால் இருபது நிமிஷ வேலை.

இது இன்று நேற்று வந்த யோசனையும் கிடையாது. லியனார்டோ டா வின்சி சுமார் 1482-ல் மிலான் நகரை ஆண்ட லுடோவிகோ ஸ்ஃபோர்ஸாவிடம் வேலை கேட்டு எழுதிய கடிதத்தின் வரைவு இன்றும் இருக்கிறது. எடுத்துச்செல்லக்கூடிய பாலங்கள், முற்றுகை உத்திகள், பீரங்கிகள், மூடிய போர் வண்டிகள் என்று வரிசையாக எழுதிக்கொண்டே போகிறார், ஓவியம் வரையத் தெரியும் என்பது கடைசியில்தான் வருகிறது. போருக்குத் தயாராகிக்கொண்டிருந்த ஆட்சியாளருக்கு எது தேவையோ அது முதலில். உலகம் அவரைக் கொண்டாடுவது எதற்காக என்று நமக்குத் தெரியும், ஆனால் அந்த ஒரு வாசகருக்கு முன் அதைக் கடைசியில் வைக்க அவருக்குத் தெரிந்திருந்தது.

மெஷினைத் தாண்டிவிட்டால், மனிதர் எவ்வளவு நேரம் பார்ப்பார்?

மிகக் கொஞ்சம். லேடர்ஸ் என்ற வேலைவாய்ப்பு நிறுவனம் ஆள் எடுப்பவர்களின் கண் எங்கே போகிறது என்று கருவி வைத்துப் பார்த்தது. முதல் பார்வைக்கு 2012-ல் சராசரியாக 6 விநாடி, 2018-ல் மறுபடி பார்த்தபோது 7.4 விநாடி. இது முழுதாகப் படிக்கும் நேரம் இல்லை, மேலே படிக்கலாமா வேண்டாமா என்று முடிவுசெய்யும் நேரம். அந்த நேரத்தில் கண் தேடுவது இப்போதைய பதவி, கம்பெனி, அதற்கு முந்தையது, தேதிகள், படிப்பு, இவ்வளவுதான். அதனால் முதல் பக்கத்தின் மேல் மூன்றில் ஒரு பகுதி ரொம்ப முக்கியம். அங்கே "சவாலான சூழலில் பணியாற்றி நிறுவனத்தின் வளர்ச்சிக்கும் என் வளர்ச்சிக்கும் பங்களிக்க விரும்புகிறேன்" என்று குறிக்கோள் எழுதி இடத்தை வீணாக்காதீர்கள். நீங்கள் யார், எத்தனை வருஷம், எந்தத் துறை, எதில் கைதேர்ந்தவர் என்பதை இரண்டு மூன்று வரியில் சொல்லுங்கள்.

கீழே வரும் வரிகள் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். ஒரு ஸ்டோர் பொறுப்பாளர் இப்படி எழுதியிருக்கிறார் என்று வையுங்கள்: "ஸ்டாக் பராமரிப்பு, பில் வேலைகள் மற்றும் மேலதிகாரி கொடுக்கும் பிற பணிகள்." இதையே எந்த ஸ்டோர் பொறுப்பாளரும் எழுதலாம். அவரை உட்கார வைத்து, எத்தனை வகைப் பொருள், எதில் பராமரித்தீர்கள், நீங்கள் வந்தபின் என்ன மாறியது என்று கேட்டால் வேறு வரி வரும்: "1,200 வகை உதிரிபாகங்களின் ஸ்டாக்கை எக்ஸெல்லில் பராமரித்தேன், ரேக் எண்களை ஒழுங்குபடுத்தியதால் மூன்று நாள் எடுத்த மாதக்கடைசிக் கணக்கெடுப்பு ஒரே நாளில் முடிந்தது." படிப்பவர் கண் 1,200 என்ற இடத்தில் நிற்கும், மூன்று நாள் ஒரு நாள் ஆனதில் மறுபடி நிற்கும். எண் இல்லாத வேலையே கிடையாது. எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தீர்கள், ஒரு நாளைக்கு எத்தனை அழைப்பு எடுத்தீர்கள், எத்தனை கிளைகளைப் பார்த்துக்கொண்டீர்கள் என்று ஏதாவது ஒன்று இருக்கும். ஆனால் உண்மையான எண்ணாக இருக்கட்டும், இன்டர்வியூவில் அதைப் பற்றித்தான் முதலில் கேட்பார்கள்.

போட்டோ, வயது, திருமணமானவரா என்பதெல்லாம் போடலாமா?

அமெரிக்கா, பிரிட்டன், கனடா வேலைகளுக்குப் போடாதீர்கள், பாகுபாடு புகார் வரக்கூடாது என்று அங்கே நிறுவனங்களே அவற்றைத் தவிர்க்கின்றன. சில நாடுகளில் போட்டோ வழக்கத்தில் இருக்கிறது. கேட்டால் கொடுங்கள், கேட்காவிட்டால் வேண்டாம். அடையாள அட்டை எண்கள், பாஸ்போர்ட் எண், முழு வீட்டு முகவரி ஆகியவற்றை எந்த நாட்டுக்கும் ரெஸ்யூமில் எழுத வேண்டாம்.

தெரிந்தவர் மூலமாகப் போவது சரியா? சிபாரிசு பிடிக்கிற மாதிரிக் கூச்சமாக இருக்கிறது.

இந்தக் கூச்சம் பலருக்கு இருக்கிறது, நல்ல வேலைக்காரர்களுக்கே அதிகமாக இருக்கிறது. ஆனால் தகுதியில்லாதவரை உள்ளே தள்ளுவதற்குப் பெயர்தான் சிபாரிசு. இங்கே நீங்கள் கேட்பது என் ரெஸ்யூமை ஒருவர் திறந்து பார்க்கும்படி செய்யுங்கள் என்பது மட்டும்தான், அதன்பின் தேர்வு, இன்டர்வியூ எல்லாம் மற்றவர்களைப் போலவே நடக்கும். பல கம்பெனிகளில் ஊழியர் ரெஃபர் செய்த, அதாவது இவரைப் பாருங்கள் என்று உள்ளே அனுப்பிவைத்த விண்ணப்பங்கள் தனி வரிசையில் வரும், அதை முதலில் பார்ப்பார்கள், சேர்ந்தபின் ரெஃபர் செய்தவருக்கு ஒரு தொகையும் கொடுப்பார்கள். கம்பெனியே விரும்பிக் கேட்கும் விஷயம் இது.

யாரிடம் கேட்பது என்பதில்தான் நிறையப் பேர் தங்களைக் குறுக்கிக்கொள்கிறார்கள். நெருங்கிய நண்பர்களிடம் கேட்டுப் பார்த்தேன், எங்கேயும் இல்லை என்று நிறுத்திவிடுகிறார்கள். மார்க் கிரானவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-ல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம் அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்ட கணக்கு இருக்கிறது. அடிக்கடி என்றவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது என்றவர்கள் 55.6, அபூர்வமாக என்றவர்கள் 27.8. காரணமும் எளிது. நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும், தூரத்தில் இருப்பவர்கள் நமக்குத் தெரியாத இடங்களில் நடமாடுகிறார்கள். 2022-ல் லிங்க்ட்இன் பயனர்கள் 2 கோடிப் பேரின் ஐந்து வருஷத் தரவை வைத்துச் செய்த ஆய்வு சயின்ஸ் இதழில் வந்தது, அதுவும் ஏறக்குறைய இதையே சொன்னது: மிக நெருக்கமானவர்களைவிட, ஓரளவு பழக்கம் உள்ளவர்கள்தான் வேலை மாற அதிகம் உதவுகிறார்கள். கம்ப்யூட்டர் அதிகம் புழங்கும் துறைகளில் இது தெளிவாகத் தெரிந்தது, மற்றத் துறைகளில் நெருங்கிய பழக்கத்துக்கே பலம் அதிகம்.

ஆகவே பழைய டீமில் இருந்தவர், காலேஜ் சீனியர், முந்தைய கம்பெனியின் வாடிக்கையாளர், பயிற்சி வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவர் என்று ஒரு பட்டியல் போடுங்கள். "ஏதாவது வேலை இருந்தால் சொல்லுங்கள்" என்று மட்டும் அனுப்பினால் நல்ல மனசுள்ளவரால்கூட ஒன்றும் செய்ய முடியாது, யோசிக்கிற பாரம் முழுவதும் அவர் தலையில் விழுகிறது. இப்படி அனுப்பிப் பாருங்கள்:

"வணக்கம் அண்ணா, நல்லா இருக்கீங்களா? காலேஜில் உங்களுக்கு இரண்டு வருஷம் ஜூனியர், ப்ராஜெக்ட் சமயத்தில் ஒரே லேபில் இருந்தோம். உங்கள் கம்பெனியில் சப்ளை செயின் அனலிஸ்ட் வேலைக்கு விளம்பரம் பார்த்தேன், அதன் எண்ணையும் லிங்க்கையும் கீழே போட்டிருக்கிறேன். மூன்று வருஷமாக இதே வேலைதான் பார்க்கிறேன், அவர்கள் கேட்கும் எஸ்ஏபி எனக்குத் தினசரிப் பழக்கம். ரெஸ்யூம் இணைத்திருக்கிறேன். பொருத்தமாக இருக்கும் என்று தோன்றினால் ரெஃபர் செய்ய முடியுமா அண்ணா? இப்போது வசதிப்படாது என்றாலும் பரவாயில்லை."

யார் என்று ஞாபகப்படுத்தியாகிவிட்டது, எந்த வேலை என்று தெளிவாக இருக்கிறது, ஏன் பொருத்தம் என்று ஒரு வரி, முடியாது என்று சொல்லவும் வழி விட்டாயிற்று. அவர் இதை அப்படியே உள்ளே அனுப்பலாம்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை: ரெஃபர் செய்யச் சொல்லப்போகிறீர்கள் என்றால் அதற்கு முன் நீங்களே அந்த வேலைக்கு விண்ணப்பித்துவிடாதீர்கள். பல கம்பெனிகளில் உங்கள் மின்னஞ்சல் ஏற்கெனவே சிஸ்டத்தில் இருந்தால் அது ரெஃபரலாகக் கணக்கில் வராது.

அந்தக் கம்பெனியில் எனக்கு யாரையுமே தெரியாது. ஆள் எடுப்பவருக்கே நேரடியாக எழுதலாமா?

தாராளமாக எழுதலாம், விண்ணப்பித்த பிறகு எழுதுங்கள். ஹெச்ஆரைவிட, அந்த டீமை நடத்துபவருக்கு எழுதினால் சில சமயம் பலன் அதிகம், ஏனென்றால் ஆள் இல்லாமல் கஷ்டப்படுபவர் அவர்தான். ஐந்தாறு வரிக்கு மேல் வேண்டாம். ஒரே கம்பெனியில் பத்துப் பேருக்கு ஒரே செய்தியை அனுப்பாதீர்கள், அவர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வார்கள்.

லிங்க்ட்இன் கணக்கு இருக்கிறது, ஆனால் யாரும் தேடி வருவதில்லை.

பெயருக்குக் கீழே வரும் அந்த ஒரு வரியைப் பாருங்கள். 220 எழுத்து வரை இடம் இருக்கிறது, பலர் அதில் "வேலை தேடுகிறேன்" என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். ஆள் தேடுபவர் யாரும் அந்தச் சொல்லைப் போட்டுத் தேடுவதில்லை. பதவிப் பெயர், துறை, இரண்டு மூன்று முக்கியத் திறன்கள் அங்கே இருக்கட்டும். வேலைக்குத் தயார் என்பதைக் காட்டும் வசதியை ஆள் எடுப்பவர்களுக்கு மட்டும் தெரியும்படியும் வைக்கலாம், இப்போது வேலையில் இருப்பவர்கள் அதைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் கம்பெனி ஹெச்ஆருக்குத் தெரியாமல் மறைக்க அந்தத் தளம் முயற்சி செய்யும், ஆனால் முழு உத்தரவாதம் தராது.

வேலைவாய்ப்புத் தளங்களில் ரெஸ்யூமை ஏற்றிவிட்டு மாதக்கணக்கில் அந்தப் பக்கமே போகாமல் இருப்பதும் பெரிய தடை. பல தளங்களில் ஆள் தேடுபவர் சமீபத்தில் உள்ளே வந்தவர்களை மட்டும் காட்டு என்று வடிகட்ட முடியும். வாரம் ஒருமுறை உள்ளே போய் ஏதாவது ஒரு வரியைச் சரிசெய்து சேமித்துவிட்டு வாருங்கள். ரெஸ்யூமிலும் லிங்க்ட்இன்னிலும் தேதிகள் ஒன்றாக இருக்கட்டும், அதை ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள் நிறைய.

கன்சல்டன்சிகளிடம் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், ஆனால் எந்தக் கம்பெனிக்கு அனுப்பப்போகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டு, குறித்துவைத்துக்கொண்டு கொடுங்கள். இரண்டு கன்சல்டன்சி ஒரே கம்பெனிக்கு உங்களை அனுப்பினால் யாருக்குக் கமிஷன் என்று தகராறு வரும், நமக்கு எதற்கு வம்பு என்று கம்பெனி உங்களையே விட்டுவிடும். தகுதியுள்ள ஆள், தன் தவறு எதுவுமில்லாமல் வாய்ப்பை இழப்பது இப்படித்தான்.

பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், லேப்டாப்புக்கு முன்பணம் என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஒழுங்கான கன்சல்டன்சிக்குப் பணம் கொடுப்பது கம்பெனி. வங்கி விவரம், ஓடிபி கேட்டாலும் அப்படியே. வேலை இல்லாத பதற்றத்தில் இருப்பவர்களைக் குறிவைத்துத்தான் இதைச் செய்கிறார்கள், அதனால் வீட்டில் வேறு யாரிடமாவது காட்டிவிட்டு முடிவெடுங்கள்.

நடுவில் ஒன்றரை வருஷம் வேலையில் இல்லை. மறைத்துவிடலாமா?

மறைக்காதீர்கள். மேலே சொன்ன 2021 அறிக்கையின்படி, ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் கழித்துவிடும்படி ஏறக்குறைய பாதி நிறுவனங்கள் வடிகட்டி வைத்திருந்தன. இது நியாயமில்லை, குழந்தையையோ வயதான பெற்றோரையோ பார்த்துக்கொள்ள நின்றவர்கள்தான் இதில் அதிகம் அடிபடுகிறார்கள். ஆனால் தேதியை இழுத்துப்போட்டுச் சரிக்கட்டினால் பின்னணிச் சரிபார்ப்பில் மாட்டிக்கொள்வீர்கள், கையில் வந்த வேலையும் போகும். அந்தக் காலத்தையும் ஒரு பதிவாக எழுதுங்கள்: "குடும்பப் பொறுப்பு காரணமாக இடைவெளி", தேதிகள், அதற்குள் படித்த கோர்ஸ், தனியாகச் செய்துகொடுத்த வேலை ஏதாவது இருந்தால் அதுவும். ஒரு வரி விளக்கம் போதும், மன்னிப்புக் கேட்கும் தொனி வேண்டாம். மெஷின் வடிகட்டலைத் தாண்ட இப்படிப்பட்டவர்களுக்கு ரெஃபரல்தான் நல்ல வழி, உங்களைத் தெரிந்த மனிதர் சொல்லும்போது இடைவெளி சின்ன விஷயமாகிவிடும்.

நான் ஃப்ரெஷர், எழுத ஒன்றுமே இல்லையே?

ப்ராஜெக்டில் நீங்கள் தனியாகச் செய்த பகுதி எது, இன்டர்ன்ஷிப்பில் எதைத் தொட்டீர்கள், குடும்பத் தொழிலில் கணக்கு பார்த்ததுண்டா, கல்லூரி விழாவுக்கு எத்தனை பேரை ஒருங்கிணைத்தீர்கள், எல்லாமே எழுதத் தகுந்தவைதான். ஒரே பக்கம் போதும். செய்துகாட்ட முடிகிற துறையாக இருந்தால் செய்ததற்கு லிங்க் கொடுங்கள், அது சான்றிதழ்களைவிடப் பேசும்.

ரெஸ்யூமோடு சேர்த்து அனுப்பும் கவர் லெட்டரை யாராவது படிக்கிறார்களா?

சிலர் படிக்கிறார்கள், பலர் படிப்பதில்லை. கேட்டால் கொடுங்கள், அரைப்பக்கம். மின்னஞ்சலில் அனுப்பினால் மடலில் நீங்கள் எழுதுவதே கவர் லெட்டர்தான், வெறும் "இணைப்பைப் பார்க்கவும்" என்று அனுப்பாதீர்கள்.

ஏஐ-யை வைத்து எழுதலாமா?

பிழை திருத்த, நீளத்தைக் குறைக்க, விளம்பரத்தோடு ஒப்பிட்டு எது விடுபட்டது என்று பார்க்க நன்றாக உதவும். முழுவதையும் அதனிடம் விட்டால் எல்லாருடைய ரெஸ்யூமும் ஒரே குரலில் வரும், நீங்கள் செய்யாத சாதனை ஒன்றிரண்டும் உள்ளே வந்து உட்கார்ந்துவிடும். வரிக்கு வரி படித்து, இதைப் பற்றி ஐந்து நிமிஷம் என்னால் பேச முடியுமா என்று கேட்டுப்பாருங்கள். முடியாத வரியை எடுத்துவிடுங்கள்.

அனுப்பியபின் எப்போது விசாரிக்கலாம்?

ஒரு வாரம் பத்து நாள் கழித்து ஒரு முறை. பதில் இல்லையென்றால் இன்னொரு முறை. அதற்குமேல் விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள். எந்த வேலைக்கு, என்றைக்கு, எந்த ரெஸ்யூமை, யார் மூலமாக அனுப்பினீர்கள் என்று ஒரு ஷீட்டில் எழுதிவையுங்கள். திடீரென்று போன் வந்து "நீங்கள் விண்ணப்பித்திருந்தீர்களே" என்றால் எது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

இதெல்லாம் செய்தும் அழைப்பே வரவில்லை. எங்கே கோளாறு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அந்த ஷீட்டை எடுத்துப் பாருங்கள். விண்ணப்பித்த சில நிமிஷத்திலேயே நிராகரிப்பு மெயில் வந்தால் படிவக் கேள்விகளில் பிரச்சினை. வாரக்கணக்கில் மௌனம் என்றால் ரெஸ்யூம் தேடலில் வரவில்லை, அல்லது தாமதமாகப் போகிறது, அல்லது வேலை கேட்கும் தகுதிக்கும் உங்களுக்கும் தூரம் அதிகம். கேட்டதில் பாதிக்குமேல் பொருந்தினால் தைரியமாக விண்ணப்பிக்கலாம், கால்வாசிகூடப் பொருந்தாதவற்றை விட்டுவிட்டு அந்த நேரத்தை ரெஃபரல் கேட்கச் செலவிடுங்கள். போனில் பேசுகிறார்கள், அதற்குமேல் போகவில்லை என்றால் ரெஸ்யூம் தன் வேலையைச் செய்துவிட்டது, இனி பேச்சைத்தான் கவனிக்க வேண்டும்.

அப்புறம், சின்னதாகத் தோன்றும் ஒன்று. ரெஸ்யூமில் இருக்கும் நம்பருக்கு வேறு போனிலிருந்து நீங்களே ஒரு முறை கூப்பிட்டுப் பாருங்கள், அதிலுள்ள மின்னஞ்சலுக்கு ஒரு மடல் போட்டுப் பாருங்கள். ஒரு இலக்கம் மாறியிருக்கலாம், பழைய நம்பராக இருக்கலாம், தெரியாத எண்களை ஏதாவது ஆப் தானாகத் தடுத்துக்கொண்டிருக்கலாம். ஸ்பாம் ஃபோல்டரையும் தினமும் ஒரு தடவை திறந்து பாருங்கள், இன்டர்வியூ அழைப்புகள் அங்கே போய் விழுவது சகஜம்.